வெள்ளைப் புள்ளி மருந்துக்குப் பின் இறால் மட்டும் சாவது ஏன்?

40 லிட்டர் மீன் தொட்டி, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், மீன்கள் நலம், செர்ரி இறால் (சிறு அலங்கார இறால்) மட்டும் விட்ட இரண்டே நாளில் சாகிறது என்கிறீர்கள். இரண்டு மாதம் முன்பு மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போட்ட தாமிர சல்பேட் மருந்தின் மேல்தான் என் சந்தேகம்.

தாமிர அயனி இறாலின் செவுளில் ஒட்டிக்கொண்டு, நீரிலிருந்து சோடியத்தை உள்ளிழுக்கும் வேலையைக் கெடுத்துவிடும். மீனைக் குணப்படுத்தும் அளவே இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. நீங்கள் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம்: கடின நீரில் கால்சியம் போட்டியிட்டுத் தாமிரத்தைச் செவுளில் ஒட்டவிடாது, மென்னீரில் அந்தக் காப்பு இல்லை.

"தண்ணீரைத்தான் பலமுறை மாற்றிவிட்டேனே" என்றீர்கள். தாமிரம் நீரில் மட்டும் நிற்பதில்லை. சரளை, வண்டல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றிலும் படியும், பிஎச் இறங்கும்போது மறுபடி கரையும்.

தாமிரச் சோதனைக் கிட் வாங்குங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால், பாதி நீரை மூன்று முறை மாற்றினால் 0.025 ஆகவேண்டும். மறுநாள் அளவு ஏறினால் தாமிரம் கசியும் இடம் சரளைதான். அதையும் பஞ்சையும் தூக்கிப் போடுங்கள், கழுவிப் பயனில்லை. புதுப் பஞ்சில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும்வரை அதன் அளவைத் தினமும் பாருங்கள். மிச்சத் தாமிரத்தை ஈர்க்க ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பனும் வையுங்கள். செப்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ பிடித்துவைத்த நீர் வேண்டவே வேண்டாம்.

கிட் பூஜ்யம் காட்டினாலும் உடனே இறால் விடாதீர்கள். முதலில் நாலைந்து நத்தைகளை ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தால் தாமிரம் இன்னும் இருக்கலாம், உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.