எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டினால் கை வலிக்கிறது, முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் பகுதி) கட்டைபோல் இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது, எப்படிப் பராமரிப்பது?

140 மிமீ டிராவல் (ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த அளவு) உள்ள ஏர் ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று வேலை செய்வது), வாரம் இரண்டு நாள் ஓட்டுகிறேன், வாங்கி மூன்று மாதம் ஆகிறது, கடையில் கொடுத்தது கொடுத்தபடியே இருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உள்ளே இருக்கும் காற்று உங்கள் எடை தெரியாமல் யாரோ உத்தேசமாக அடித்தது. அதனால் கலர் கலராக இருக்கும் திருகிகளை இப்போதைக்கு மறந்துவிட்டு, காற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

இதற்கு ஷாக் பம்ப், அதாவது சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் மீட்டர் வைத்த சின்ன பம்ப் வேண்டும். டயர் பம்ப் உதவாது. ஃபோர்க்குக்குள் காற்றுக்கு இருக்கும் இடம் ரொம்பக் கொஞ்சம், டயர் பம்ப்பைக் கழற்றும்போதே அடித்ததில் பெரும்பகுதி போய்விடும். எடைக்கு எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்ற அட்டவணை பல ஃபோர்க்குகளில் காலின் (சக்கரத்தின் பக்கவாட்டில் இறங்கும் குழாயின்) பின்பக்கமே ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் அடித்துவிடாமல், 20 பிஎஸ்ஐ ஏறியதும் நிறுத்தி, ஃபோர்க்கை மெதுவாகப் பத்து தடவை அமுக்கி விடுங்கள். உள்ளே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு காற்றறைகள் இருக்கின்றன. ஃபோர்க் அமுங்கி எழும்போதுதான் மேலறைக் காற்று கீழறைக்கும் போய்ச் சமமாகும். இதைச் செய்யாமல் விட்டால், வீட்டில் 80 காட்டியது பாதையில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே வேறு ஏதோ ஆகிவிடும்.

ஷாக் பம்ப்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று வரும் காற்று பெரும்பாலும் குழாயில் நின்ற காற்றுதான், ஃபோர்க்கில் இருந்ததில்லை. மறுபடி மாட்டிப் பார்த்தால் மீட்டர் குறைத்துக் காட்டும், ஏனென்றால் காலியான குழாயை ஃபோர்க்தான் நிரப்புகிறது. தினமும் மாட்டி மாட்டிச் சோதிப்பது வீண் வேலை.

அடுத்தது ஸேக், அதாவது நீங்கள் ஏறி நின்றதும் உங்கள் எடைக்கு ஃபோர்க் அமுங்கும் அளவு. ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, கம்ப்ரெஷன் திருகியை (ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) முழுக்கத் திறந்துவிட்டு, பெடலில் எழுந்து நில்லுங்கள். சீட்டில் உட்கார்ந்து அளந்தால் கணக்கு தப்பாகும். நண்பர் யாராவது வண்டியைப் பிடித்துக்கொண்டு, பளபளப்பான மேல் குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சீல் (மேல் குழாய் கீழ்க்குழாய்க்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் அடைப்பு) வரை தள்ளிவிடட்டும். வளையம் இல்லையென்றால் ஒரு கேபிள் டை போதும். பூப்போல இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். மொத்த டிராவலில் 15 முதல் 20 சதவீதம் நல்ல தொடக்கம்; உங்களுக்கு 21 முதல் 28 மிமீ.

சரி, இப்போது ரீபவுண்ட். வலது காலின் அடியில், பெரும்பாலும் சிவப்பாக, ஆமையும் முயலும் வரைந்த திருகி. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகத்தில் திரும்பி எழ வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. என் அனுபவத்தில் 'கட்டைபோல் இருக்கிறது' என்ற புகார்களில் பாதிக்குக் காரணம் இதுதான், ஆனால் யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை. நானே ஒரு வருடம் ஆமைப் பக்கம் முழுக்கத் திருகி ஓட்டியவன். வாசலில் நின்று அமுக்கிப் பார்த்தபோது வெண்ணெய்போல எழுந்தது, 'ஆகா, என்ன சொகுசு' என்று அப்படியே விட்டுவிட்டேன். பாதையில் கல்லும் வேரும் அடுத்தடுத்து வரும்போது என்ன நடக்கும்? முதல் கல்லில் அமுங்கியது எழுவதற்குள் இரண்டாவது கல். அதிலிருந்து எழுவதற்குள் மூன்றாவது. ஐந்தாறு கல் தாண்டும்போது ஃபோர்க் பாதிக்கு மேல் தாழ்ந்து, மிச்சமிருக்கும் இறுகிய பகுதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு விழும் அடியெல்லாம் கைக்குத்தான். கை வலிக்கிறதே என்று நான் காற்றை இறக்கினேன், இன்னும் மோசமானது!

திருகியைக் கடிகாரச் சுற்றில் கடைசிவரை திருப்பி, அங்கிருந்து எத்தனை 'கிளிக்' திறக்கிறீர்கள் என்று எண்ணி நடுவில் வையுங்கள். கரடுமுரடான ஒரு சின்னத் துண்டுப் பாதையைத் தேர்ந்து, அதே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். கை வலித்தால் முயல் பக்கம் இரண்டு கிளிக். முன்சக்கரம் துள்ளி, பிடி நழுவினால் ஆமைப் பக்கம் ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, போனில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றை ஏற்றினாலோ இறக்கினாலோ ரீபவுண்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஸேக் சரியாக இருந்தும் அடிக்கடி 'டம்' என்று அடிவரை போய் முட்டினால், காற்றறையின் இடத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் டோக்கன் ஒன்று சேருங்கள். மேல் மூடியைத் திறக்கும் முன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும், இதில் அலட்சியம் கூடாது.

பராமரிப்புக்கு வருவோம். ஓட்டி முடித்ததும் மேல் குழாயையும் சீல் விளிம்பையும் மெத்தென்ற துணியால் துடைப்பது அரை நிமிட வேலை. பிரஷர் வாஷரைச் சீல் பக்கம் காட்டாதீர்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள், அது உள்ளே இருக்க வேண்டிய எண்ணெயைக் கழுவிவிடும்.

பலரும் விட்டுவிடுவது கீழ்க்கால் சர்வீஸ், அதாவது ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுவது. ஃபோர்க் தயாரிக்கும் நிறுவனமான ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. வாரம் நான்கு மணி நேரம் என்று வைத்தாலே உங்கள் மூன்று மாதத்தில் அது வந்துவிட்டது. நான் முதன்முதலில் கழற்றியபோது ஒரு காலில் மைபோல் கறுத்த எண்ணெய் ஒரு ஸ்பூன் வந்தது, இன்னொரு காலில் சொட்டுகூட இல்லை. சீலுக்கு அடியில் எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டிய ஃபோம் வளையம் காய்ந்து, விரலில் மண்ணாக ஒட்டியது. அதைச் சுத்தம் செய்து, எண்ணெயில் ஊறவைத்து, கையேட்டில் சொன்ன மில்லி அளவைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றி மூடியதும் வேறு ஃபோர்க்போல ஆனது.

அன்றே ஒரு முட்டாள்தனமும் செய்தேன். அடிப்பக்க போல்ட்டை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்ட வேண்டும். நான் ஏறக்குறைய முழுக்கக் கழற்றி, இரும்புச் சுத்தியலால் ஓங்கித் தட்டினேன். இரண்டே மரையில் தொங்கிக்கொண்டிருந்த போல்ட் அந்த மரையையே நசுக்கிவிட்டது. உள்ளே இருக்கும் தண்டையே மாற்ற வேண்டியதாயிற்று. மூடும்போது டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து மட்டுமே இறுக்குங்கள். டாம்பர் (ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தை அடக்கும் எண்ணெய் அமைப்பு) பக்கம் மட்டும் நான் கை வைப்பதில்லை, ரீபவுண்ட் திருகியும் எதையும் மாற்றவில்லை என்றால் சர்வீஸ் மையத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று, முன் டயரில் எத்தனை பிஎஸ்ஐ இருக்கிறது என்று நீங்கள் சொல்லவேயில்லை. அது கல்லுபோல் இருந்தால் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் ஃபோர்க்கைத் தாண்டிக் கைக்கு வரும். ஷாக் பம்ப் வாங்கப் போகும் முன் அதைக் கொஞ்சம் இறக்கி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.