வேலையிழப்பு உதவித்தொகை நீட்டிப்பு தாமதமானால், விட்டுப்போன வாரங்களுக்கும் பணம் வருமா?

அமெரிக்காவில் வரலாம், வராமலும் போகலாம், எல்லாம் சட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான மாநிலங்கள் தருவது அதிகபட்சம் 26 வாரம், அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரும்பாலும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மனம் வைக்க வேண்டும். 2010 ஜூன் தொடக்கத்தில் காலாவதியான நீட்டிப்பு, மேலவையான செனட்டில் 60 வாக்கு சேராமல் இழுத்தடித்து (இறந்துபோன ஓர் உறுப்பினரின் இடத்துக்கு ஆள் வந்த பிறகுதான் சேர்ந்தது!), ஜூலை 22 அன்று ஒபாமா கையெழுத்தோடு, முன்தேதியிட்டு, பாக்கிப் பணத்தோடு திரும்ப வந்தது. அப்புறம் 2013 டிசம்பரில் முடிந்ததை நீட்டிக்க செனட் அடுத்த ஆண்டு ஏப்ரலில் மசோதா நிறைவேற்றியும், கீழவை எடுத்துக்கொள்ளவே இல்லை. சுமார் 13 லட்சம் பேருக்கு ஒரே நாளில் பணம் நின்றது, நின்றதுதான். அதனால் நீட்டிப்பு வரும் என்ற செய்தியை நம்பி வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் மாநில அலுவலகம் ஏற்றுக்கொண்டிருக்கும் வரை வாராந்திர விண்ணப்பத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருங்கள்.