மறுமொழி: திரும்பேக்க மோட்டார் ட்ரைவர் எரியுது

தம்பி, உங்கட தீயணைப்பு ரோபோ நேரா ஓடேக்க பிரச்சினையில்லை, நிண்ட இடத்தில திரும்பேக்கதான் மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கிற எல்298என் ட்ரைவர் போர்டு எரியுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். டாங்கி மாதிரிப் பட்டியில ஓடுற வண்டி திரும்பேக்க பட்டி முழுக்கப் பக்கவாட்டில உராயும். மோட்டார் திணறி நிக்கிற நேரம் இழுக்கிற கரண்ட், சும்மா ஓடேக்க இழுக்கிறதிலும் பல மடங்கு. எல்298என் ஒரு பக்கத்துக்கு 2 அம்பியர்தான் தாங்கும். அதிலயும் ஏறக்குறைய 2 வோல்ட்டைச் சூடாக்கியே தின்னுடும்.

அதிலும் கூடக் கரண்ட் தாங்கிற பிடிஎஸ்7960 ட்ரைவர் போர்டு ரெண்டு போடுங்கோ, பக்கத்துக்கு ஒண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கேட்டுப் பாருங்கோ. 43 அம்பியர் எண்டு சொல்லி விப்பாங்கள், நம்பாதேங்கோ. சூட்டை வெளிய விடுற அந்தச் சின்ன ஹீட்சிங்கோட அவ்வளவு போகாது. பட்டியைப் பிடிச்சு ஒரு கணம் நிறுத்தி, வயரைச் சுத்திப் பிடிச்சுக் கரண்ட் பாக்கிற டிசி கிளாம்ப் மீட்டரில அளந்து, அதுக்கேத்த ஃபியூஸும் போடுங்கோ.

களஞ்சியத்துக்குள்ள ரோபோவை ஓட்ட வைஃபை போதுமா எண்டும் கேட்டீங்கள். கொங்கிரீட் சுவர் ரெண்டு தாண்டினா வீடியோ விட்டு விட்டுத்தான் வரும். கேபிள் நல்லது, ஆனா அதுவும் காலை வாரும்: யப்பான்ல விபத்து நடந்த புகுஷிமா அணுமின் நிலையத்தில 2011 ஒக்டோபரில, உள்ள அனுப்பின குவின்ஸ் எண்ட ரோபோ கேபிள் கோளாறாலதான் 2ஆம் உலைக் கட்டடத்துக்குள்ள மாட்டுப்பட்டது. கேபிள் சுருளை வண்டியிலயே வையுங்கோ, போகப் போக அவிழட்டும். வெளியில இருந்து இழுபட்டா முதல் மூலையிலயே சிக்கும்.