பயனர் நிரல் தரும் எண்ணை நம்பி லினக்ஸ் கெர்னலில் நினைவகம் ஒதுக்கலாமா?

"எங்கள் டிரைவரை ரூட் மட்டுமே பயன்படுத்துகிறார்; கேமல்லாக் தோற்றால் வெற்றுச் சுட்டி வரும், அதையும் சோதிக்கிறோம்; பிறகு அளவைத் தனியாக ஏன் சரிபார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு; டிரைவர் அதற்குள் ஓடி ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்; ரூட் முழு அதிகாரமுள்ள பயனர்; கேமல்லாக் கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு; இடம் கிடைக்காதபோது அது தரும், எதையும் சுட்டாத முகவரியே வெற்றுச் சுட்டி.) நானும் அப்படி எண்ணித்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஒன்றின் லாரி எடைமேடைக்கு டிரைவர் எழுதினேன். வெற்றுச் சுட்டிச் சோதனை ஒதுக்கீடு தோற்கும்போது மட்டுமே உதவும். என்னை வீழ்த்தியதோ வெற்றி பெற்ற ஒதுக்கீடு.

அது 32 பிட் ஏஆர்எம் செயலி கொண்ட பலகை. ஒரு லாரியின் எடைப் பதிவுக்கு 16 பைட். பயனர் நிரல் பதிவுகளின் எண்ணிக்கையைச் சொல்லும். டிரைவர் அதை 16-ஆல் பெருக்கி, இடம் ஒதுக்கி, பதிவுகளை ஒவ்வொன்றாக நகலெடுக்கும். எண்ணிக்கை 268435457 என்று வந்தால் பெருக்கல் 4294967312 ஆக வேண்டும். 32 பிட்டில் அது கொள்ளாமல் சுற்றிவந்து 16 ஆகிவிடும். கேமல்லாக் அந்த 16 பைட்டை மறுப்பின்றிக் கொடுக்கும். நகலெடுக்கும் சுழலோ பழைய பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டு, பயனர் நினைவகத்தில் படிக்கக் கிடைக்கும்வரை எழுதிக்கொண்டே போகும்.

எங்களிடம் தாக்குதல்காரர் யாரும் இல்லை. இரவில் மின்சாரம் தடைபட்டுப் பதிவுக் கோப்பு சிதைந்தது; அதன் தலைப்பில் இருந்த குப்பை எண்ணை ரூட்டாக ஓடிய எங்கள் சொந்த நிரலே டிரைவருக்கு அனுப்பியது. காலையில் குலை ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசைகட்டி நிற்க, ஆலைக் கிராணி (எழுத்தர்) தொலைபேசியில், "அண்ணே, மெசின் திரும்பவும் நின்னு போச்சு" என்றார். குலை காத்துக்கிடந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கும் என்பதால் அந்தக் குரலில் இருந்த பதற்றம் எனக்குப் புரிந்தது. கெர்னல் பதிவேடு பிணைய டிரைவரைக் குற்றஞ்சாட்டியது. என் டிரைவர் பக்கத்து நினைவகத்தை அழித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

இப்போது நான் செய்வது இதுதான். எண்ணிக்கையைப் பயனர் நினைவகத்திலிருந்து ஒரே ஒரு முறை, குறியில்லாத எண்ணாக, என் சொந்த மாறிக்குள் எடுத்துக்கொள்கிறேன்; சோதித்த பின் மறுபடி அங்கே போய்ப் படித்தால், இடைப்பட்ட நேரத்தில் அந்த நிரலில் இணையாக ஓடும் இன்னொரு த்ரெட் அதை மாற்றியிருக்கலாம். குறியுள்ள எண்ணாக வைத்தால் எதிர்ம மதிப்பு மேல்வரம்புச் சோதனையை எளிதாகத் தாண்டிவிடும். சுழியத்தையும் அங்கேயே திருப்பி அனுப்புகிறேன், ஏனெனில் கேமல்லாக்கிடம் சுழியம் கேட்டால் அது வெற்றுச் சுட்டி அல்லாத ஒரு தனிச் சுட்டியைத் தருகிறது. உங்கள் சோதனை அதையும் ஏற்றுக்கொள்ளும். பிறகு வன்பொருளின் வரம்பு: எங்கள் கார்டில் 512 பதிவுகளுக்கே இடம், அதற்கு மேல் யார் கேட்டாலும் தவறு.

இத்தனைக்குப் பின்புதான் பெருக்கல், அதுவும் என் கையால் அல்ல. கேமல்லாக் அரே, கேகேலாக் ஆகியவை எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியே வாங்கித் தாமே பெருக்கும்; மிகைவழிவைக் (விடை கொள்ளாமல் சுற்றுவதை) கண்டால் ஒதுக்க மறுத்துவிடும். முன்னால் தலைப்பும் பின்னால் நீளம் மாறும் வால்வரிசையும் சேர்ந்த கட்டமைப்பின் அளவைப் பாதுகாப்பாகக் கணக்கிட, 2018-இல் வந்த 4.18 கெர்னல் முதல் ஸ்ட்ரக்ட் சைஸ் இருக்கிறது. ஆனால் இவை வரம்புச் சோதனைக்கு மாற்றல்ல. 64 பிட்டில் அதே எண் சுற்றாது. நான்கு கிகாபைட்டுக்கு மேல் நேர்மையாகவே கேட்கும். அவ்வளவு பெரிய வேண்டுகோளுக்குக் கெர்னல் எச்சரிக்கை எழுப்பக்கூடும்; எச்சரிக்கை வந்தால் இயந்திரத்தையே நிறுத்தும்படி அமைத்திருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்தது.

வரம்பு மீறிய எண்ணுக்கு நினைவகம் போதவில்லை என்ற பிழையைத் திருப்பாதீர்கள், தவறான மதிப்பு என்று சொல்லும் ஈஇன்வால் பிழையைத் திருப்புங்கள். முதல் பிழையைப் பார்க்கும் நிரல் சற்றுப் பொறுத்து அதே குப்பை எண்ணுடன் மறுபடி வரும். இரண்டாவதைப் பார்த்தால் தன் கோப்பைத் திறந்து பார்க்கும்.