இலையை விற்கும் மலையூர்: காமிகாட்சு பற்றி வாசகர் கேள்விகள்

ஜப்பானில் காமிகாட்சு என்றொரு சிற்றூர் இருக்கிறது, அங்கே குப்பை வண்டியே வருவதில்லை என்று இப்பகுதியில் முன்பு ஒரு வரி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: காமிகாட்சு எங்கே இருக்கிறது? அங்குள்ளவர்கள் முன்பு எதை நம்பிப் பிழைத்தார்கள்? (தேனி வாசகர்)

ஷிகோகு தீவின் தோகுஷிமா மாநிலத்தில், கட்சுவுரா ஆற்றின் மேல்பகுதியில் இந்த ஊர் இருக்கிறது. தகாஹோகோ, ஃபுகுஹாரா என்னும் இரண்டு கிராமங்களை 1955இல் இணைத்து உருவாக்கப்பட்டது. ஊரின் பரப்பு ஏறக்குறைய 110 சதுர கிலோமீட்டர். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் காடு. மிஞ்சிய நிலமும் சரிவுதான் என்பதால், ஊர் என்று சொன்னாலும் அது மலைமடிப்புகளில் சிதறிக் கிடக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளின் தொகுப்பே. இணைப்பு நடந்தபோது ஆறாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் கீழே வந்துவிட்டது. இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

மரமும் மிக்கான் என்னும் ஆரஞ்சு வகையும்தான் அவர்களுடைய பிழைப்பாக இருந்தன. வெளிநாட்டு மரம் தாராளமாக இறக்குமதியானதும் முதலாவது நொடித்தது. இரண்டாவதை 1981 பிப்ரவரியில் வந்த கடுங்குளிர் முடித்து வைத்தது. பல்லாண்டுகள் வளர்த்த பழமரங்கள் அந்தக் குளிரில் பெருமளவு பட்டுப்போயின.

கேள்வி: மரத்து இலைகளைப் பறித்து விற்று அவ்வூர்ப் பாட்டிகள் செல்வந்தர்கள் ஆகிவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா? (கோவை வாசகி)

இலை விற்பது உண்மை. செல்வந்தர்கள் ஆனார்கள் என்பதைச் சற்று நிதானித்துத்தான் ஏற்க வேண்டும்.

ஜப்பானிய உயர்தர உணவகங்களில் தட்டின் ஓரத்தில் பருவத்துக்கேற்ற இலையோ பூவோ வைத்துப் பரிமாறுவது வழக்கம். இதற்கு ட்சுமாமோனோ என்று பெயர். காமிகாட்சு வேளாண் கூட்டுறவில் 1979இல் ஆலோசகராகச் சேர்ந்த யோகோஇஷி தோமோஜி, ஒசாகாவில் ஓர் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, அடுத்த மேசையில் இருந்த பெண்கள் தட்டில் கிடந்த மேப்பிள் இலையை வியந்து எடுத்துச் செல்வதைக் கண்டார். தம் மலையில் கேட்பாரற்று உதிர்வது இதுதானே என்று அவருக்குத் தோன்றியது. ஊரில் சொன்னபோது சிரித்தார்கள். நரியும், தனுகி என்னும் நாயினக் காட்டு விலங்கும் இலையைப் பணமாக மாற்றி மனிதர்களை ஏமாற்றும் கதைகள் அந்நாட்டில் ஏராளம் என்பதால், அந்தச் சிரிப்பில் வியப்பில்லை.

விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்களோடு 1986இல் ‘இரோதோரி’ என்ற பெயரில் விற்பனை தொடங்கியபோது பொருள் சரியாகப் போகவில்லை. காட்டில் அழகாகத் தெரியும் இலை வேறு, சமையற்காரர் தேடும் இலை வேறு. எந்த அளவில் வேண்டும், எந்த நிறத்தில் வேண்டும், பருவத்துக்கு எத்தனை நாள் முன்னதாகவே வேண்டும் என்பதையெல்லாம் அறிய யோகோஇஷி சொந்தச் செலவில் விலையுயர்ந்த உணவகங்களுக்குச் சென்று உண்டு கற்றுக்கொண்டார். அதன் பிறகே தொழில் நிலைபெற்றது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட வகை இலைகளும் பூக்களும் கிளைகளும் சந்தைக்குப் போகின்றன. பெரும்பாலானவை இதற்கென்றே தோட்டத்தில் வளர்க்கப்படுபவை.

என் பார்வையில் இத்தொழிலின் உயிர்நாடி இலையைவிடத் தகவல்தான். தொடக்கத்தில் ஊரின் பேரிடர் எச்சரிக்கை வானொலி இணைப்பைப் பயன்படுத்தித் தொலைநகல் வழியே வீடுகளுக்கு ஆர்டர் அனுப்பினார்கள். பின்னர் கணினியும் அதன்பின் டேப்லெட்டும் வந்தன. காலையில் குறிப்பிட்ட நேரத்தில் ஆர்டர்கள் திரையில் தோன்றும். முதலில் தொடுபவருக்கே அது சொந்தம். தம் விற்பனை ஊரில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதையும் திரை காட்டிவிடும். எண்பது வயதுப் பாட்டியை விடியலில் எழுப்புவதில் இந்தப் போட்டிக்குப் பெரும்பங்கு உண்டு.

இனி வருமானம். ஆண்டு விற்பனை 20 கோடி யென்னைத் தாண்டியது, சிலர் நன்றாகவே ஈட்டுகிறார்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் ஏறத்தாழ 150 குடும்பங்களுக்கு அந்த 20 கோடியைப் பகிர்ந்து பார்த்தால், குடும்பத்துக்குச் சராசரியாகப் பதின்மூன்று லட்சம் யென் அளவில்தான் வரும். அதிலும் பெட்டிக்கும் போக்குவரத்துக்கும் தரகுக்கும் போக வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தோடு சேர்த்தால் கௌரவமான வரும்படி; பத்திரிகைகள் எழுதும் அளவுக்குப் புதையல் அல்ல.

கேள்வி: குப்பையை நாற்பத்தைந்து வகையாகப் பிரிக்கிறார்களாமே, இவ்வளவு சுற்றுச்சூழல் பற்று அவர்களுக்கு எப்படி வந்தது? (திருச்சி வாசகர்)

பற்றினால் தொடங்கியதன்று, பணமுடையால் தொடங்கியது. முன்பு குப்பையைத் திறந்த வெளியில் எரித்து வந்தார்கள். 1998இல் இரண்டு சிறிய எரியுலைகளை அமைத்தார்கள். டயாக்சின் என்னும் நச்சுப்பொருளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கடுமையானதும் அவை விதிக்குள் அடங்காமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. புதிய எரியுலை கட்டவோ, எல்லாவற்றையும் வெளியூருக்கு அனுப்பி எரிக்கவோ அந்தச் சிறிய ஊராட்சியிடம் வசதி இல்லை. எரிக்கும் குப்பையைக் குறைத்தால்தான் செலவு குறையும் என்ற கணக்கில் 2001இல் 35 வகையாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். அது 2016இல் 45 ஆனது. ஜப்பானில் முதன்முதலாக ‘குப்பையற்ற ஊர்’ என்ற இலக்கை 2003இல் அறிவித்ததும் இந்த ஊரே.

உணவுக்கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்கிவிடுவார்கள். அதற்கான கருவி வாங்க ஊராட்சி மானியம் தந்தது. மற்றவற்றைக் கழுவி உலர்த்தி, ஹிபிகதானி என்னுமிடத்தில் உள்ள நிலையத்துக்குத் தாமே கொண்டுவந்து பிரித்துப் போட வேண்டும். வண்டி ஓட்ட முடியாத முதியோரின் வீடுகளுக்கு மட்டும் ஊராட்சி ஆள் அனுப்புகிறது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் அப்பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, அதனால் ஊருக்கு வரவா செலவா, எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். எந்த அறிவுரையையும்விட இந்தப் பலகைகள் அதிகம் சாதித்திருக்கும் என்று நினைக்கிறேன். பயன்படும் பொருள்களை வைத்துவிட்டுப் போக ‘குருகுரு’ என்ற கடை இருக்கிறது. அங்கிருந்து யாரும் இலவசமாக எடுத்துச் செல்லலாம்.

கேள்வி: இலக்கை எட்டினார்களா? (அதே வாசகர்)

இல்லை. 2020க்குள் குப்பையே இல்லாத நிலை என்றார்கள். மறுசுழற்சி 80 விழுக்காட்டை ஒட்டி நின்றுவிட்டது. டயப்பர், ரப்பர்க் காலணி, பல பொருள்களை ஒட்டிச் செய்தவை முதலியவற்றைப் பிரிக்க வழியில்லை. பிரிக்க முடியாதபடியே அவை தயாரிக்கப்படும் வரை காமிகாட்சு மட்டும் முயன்று பயனில்லை. அதே 2020இல், 2030ஐ நோக்கிப் புதிய அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார்கள்.

கேள்வி: இலையும் குப்பையும் தவிர அங்கே பார்க்க, சுவைக்க என்ன உண்டு? (புதுச்சேரி வாசகி)

கஷிஹாரா என்னும் குடியிருப்பின் படிக்கட்டு வயல்கள் முதலில் நினைவுக்கு வருகின்றன. 2010இல் அவை தேசியப் பண்பாட்டு நிலக்காட்சியாக அறிவிக்கப்பட்டன. அடுத்தது ‘அவா பன்ச்சா’ என்னும் தேநீர். கோடையில் முற்றிய இலையைப் பறித்து, வேகவைத்து, கசக்கி, பீப்பாயில் அடைத்து மேலே கல் ஏற்றிக் காற்றுப்புகாமல் புளிக்க விட்டு, பின்பு வெயிலில் உலர்த்துவார்கள். தயிரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வகையே இங்கும் வேலை செய்கிறது. மெல்லிய புளிப்பும் வைக்கோல் மணமும் கொண்ட இந்தத் தேநீர் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு சுவையும் மாறும்.

தங்க விரும்பினால், குப்பை நிலையத்தை ஒட்டியே 2020இல் திறக்கப்பட்ட ஒரு விடுதி உண்டு. ஊரார் கொடுத்த ஏறக்குறைய 700 பழைய சன்னல்களைக் கொண்டு அந்த வளாகத்தின் முகப்பை அமைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் முழுக் கட்டடமும் கேள்விக்குறி வடிவில் தெரியும். அறையைக் காலி செய்யும் முன் விருந்தினரும் தம் குப்பையை ஊர் முறைப்படி பிரித்துப் போட வேண்டும்.