ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொதுத் திட்டமிடல்: கேள்வி பதில்

இளங்குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் அரசும் உள்ளாட்சிகளும் வகுக்கும் திட்டங்களைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றிவரும் உறுப்பினர் அளித்த பதில்கள்.

கேள்வி: எங்கள் உள்ளாட்சி குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கிறது. எத்தனை குழந்தைகள் பராமரிப்பு மையங்கள் கட்டவேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள். பிறப்புப் பதிவேட்டையும் தடுப்பூசிப் பதிவேட்டையும் எடுத்து, மூன்று வயதுக்குக் குறைந்தவர்களையும் மூன்றிலிருந்து ஆறு வரை உள்ளவர்களையும் பகுதிவாரியாகத் தனித்தனியே கணக்கிடுங்கள். இவ்விரு பிரிவினரையும் ஒரே எண்ணிக்கையாகக் காட்டும் திட்டம், பெரும்பாலும் மூத்தவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு இளையவர்களை மறந்துவிடுகிறது. அடுத்து, பெற்றோர் எந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள், அந்த நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் தாய்க்கு, முற்பகலில் மூன்று மணி நேரம் திறந்திருக்கும் மையத்தால் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, குழந்தைக்குத் தேவையானவை என ஐந்தைக் குறிப்பிடுகிறது: உடல்நலம், ஊட்டம், குழந்தையின் சைகைகளை உணர்ந்து மறுமொழி தரும் பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்கநிலைக் கற்றல். இவை ஐந்தும் எந்த ஒரு துறையின் பொறுப்பிலும் முழுமையாக அடங்குவதில்லை. பிறந்த குழந்தையைச் சுகாதாரத் துறை அறியும், பள்ளி வயதை எட்டிய குழந்தையைக் கல்வித் துறை அறியும், இடைப்பட்ட ஆண்டுகளில் அக்குழந்தை எங்கே இருக்கிறது என்பதை அறியும் கடமை எவருக்கும் இருப்பதில்லை. ஆகவே, தடுப்பூசிக்காகக் குடும்பம் தானே வந்து சேரும் ஒவ்வொரு வருகையிலும் வளர்ச்சியைக் கவனிப்பதும் பெற்றோரிடம் பேசுவதும் நடக்குமாறு செய்வதே, கையில் குறைந்த பணம் உள்ளவர்கள் முதலில் எடுக்கவேண்டிய அடி.

கேள்வி: பேறுகால விடுப்பு தொழிலாளர் சட்டத்தைச் சேர்ந்தது அல்லவா? அது இத்திட்டத்தில் ஏன் வருகிறது?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பைக் கோருகிறது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பதினான்காம் வாரம் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, மீதமுள்ள ஏறத்தாழ மூன்று மாதங்களை யார் திட்டமிடுகிறார்கள்? அதனால்தான் வருகிறது.

கேள்வி: நிதி குறைவு. ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் தந்தால் போதாதா?

பின்லாந்து 1938இல் குறைந்த வருவாயுள்ள தாய்மாருக்கு, பிறக்கும் குழந்தைக்கான துணிகளும் பொருட்களும் அடங்கிய மகப்பேற்றுப் பெட்டி வழங்கத் தொடங்கி, 1949இல் அதை எல்லோருக்கும் விரிவாக்கியது. ஆனால் கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பெட்டியைவிட அந்த நிபந்தனைதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. சிலி நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற திட்டமும், அரசு மருத்துவ நிலையத்தில் நடக்கும் முதல் கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு, நலிந்த குடும்பங்களுக்குக் கூடுதல் உதவிகளை அதன்மேல் அடுக்குகிறது. எல்லோரும் நுழையும் வாசல் ஒன்றாக இருக்கட்டும். உதவியின் அளவு தேவைக்கேற்ப மாறட்டும்.

கேள்வி: இளங்குழந்தைகளுக்குச் செலவிடும் பணம் ஏழு மடங்காகத் திரும்பும் என்கிறார்களே?

அந்தக் கணக்கு பெரும்பாலும் அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளி ஆய்விலிருந்து வருகிறது. அதில் மொத்தம் 123 குழந்தைகள். முன்பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள் 58 பேர். ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகள், வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்கே செல்லுதல் என்ற அளவில் நடந்ததன் பயனை, பயிற்சியற்ற ஒருவர் முப்பது குழந்தைகளைக் காக்கும் அறைக்கு அப்படியே பொருத்திப் பேசுவது நேர்மையாகாது.

கேள்வி: நீங்கள் சொல்வதையே நான் வேறு வழியில் கேட்கிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மலிவான பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களை எல்லோருக்கும் திறந்தார்கள். குழந்தைகளின் நடத்தை மோசமானது. அப்படியானால் அரசு விலகி நிற்பதே மேல் அல்லவா?

நல்ல எதிர்வாதம், விரிவாகவே பதில் சொல்கிறேன். கியூபெக் 1997இல் நாளொன்றுக்கு 5 கனடிய டாலர் கட்டணத்தில் காப்பகங்களை அமைக்கத் தொடங்கியது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் விகிதம் உயர்ந்தது. குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பேக்கர், குரூபர், மில்லிகன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் கண்டறிந்ததும் உண்மையே. ஆனால் அங்கே ஒரே வகைக் காப்பகங்கள் இயங்கவில்லை. இலாப நோக்கற்ற, பெற்றோர் நிர்வாகத்தில் பங்கேற்கும் மையங்களின் தரம், இலாபத்துக்காக நடத்தப்பட்டவற்றைவிடச் சராசரியில் உயர்ந்திருந்ததாகத் தர ஆய்வுகள் காட்டின. தேவை வெள்ளமாகப் பெருகும்போது, பயிற்சி பெற்ற பணியாளர்கள் அதே வேகத்தில் உருவாவதில்லை. கியூபெக் அரசின் தலையீட்டைப் பழிப்பதைவிட, பணியாளர்களைத் தயார்செய்யாமல் இடங்களைப் பெருக்கக் கூடாது என்று அதிலிருந்து கற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதே உறுப்பினர்: எப்படியானாலும் வீடுதான் சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

வீட்டுக்குத் துணை கிடைத்தால் சிறந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986–87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் தொடங்கிய ஆய்வில், சமூக சுகாதாரப் பணியாளர்கள் அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் ஒரு மணி நேரம் சென்று, தாய் குழந்தையுடன் விளையாடவும் பேசவும் துணைநின்றார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகளின் சம்பாத்தியம், அவ்வுதவி பெறாதவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தப் பணியாளர்களுக்கும் யாரோ ஊதியம் தரவேண்டும் அல்லவா? வீடா, மையமா என்ற சண்டையில் மறைந்துபோவது பணியாளரின் ஊதியமும் பயிற்சியும்தான்.

கேள்வி: ஐயாயிரம் பேருக்கு எத்தனை மையங்கள்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் இரண்டு வயது மகள் இன்னும் பேசவில்லை. காப்பகத்தில் சேர்த்தால் பேசுவாளா?

இது திட்டமிடல் பற்றிய கேள்வி இல்லை. தாமதிக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓராண்டு முடிந்ததும் திட்டத்தின் பயனை அளந்துவிடலாமா?

சேவை சென்று சேர்ந்ததா என்பதை அளக்கலாம். பயனை அளக்க முடியாது. இங்கிலாந்தில் இளங்குழந்தைகளின் குடும்பங்களுக்காக 1999இல் தொடங்கிய ஷூர் ஸ்டார்ட் மையங்கள் இருந்த பகுதிகளில், ஒரு வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது முதலில் அதிகரித்தது. அதே குழந்தைகள் பத்து, பதினொரு வயதை எட்டியபோது அது குறைந்திருந்தது. முதலாண்டுக் கணக்கை மட்டும் பார்த்தவர் அதைத் தோல்வி என்று எழுதியிருப்பார்.

கேள்வி: மக்கள்தொகைக்கு ஏற்ப மையங்களின் எண்ணிக்கையை வகுக்கச் சூத்திரம் உண்டா?

இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. சூத்திரம் தந்தால் அதைக் கொண்டு கட்டடங்களைக் கட்டிவிடுவீர்கள் என்பதால் தரமாட்டேன்.

கேள்வி: எங்கள் மையத்தின் கட்டட வரைபடத்தை அனுப்பினால் பார்த்துக் கருத்துச் சொல்வீர்களா?

பத்தாண்டுகளுக்கான ஊதியக் கணக்கையும் பணியாளர் பயிற்சித் திட்டத்தையும் அதனுடன் இணைத்து அனுப்புங்கள். அவற்றைப் படித்த பிறகு வரைபடத்தைப் பார்க்கிறேன்.