அத்தை கோவிலுக்குப் போன தூரம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் ஒன்பதாயிரம் ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். எனக்கு நாலு ரோடு பக்கம் தனியார் பள்ளியில் வேலை. வீட்டுக்காரர் கருப்பூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது எண்பதாயிரம். பெரியவள் ஒன்றாம் வகுப்பு, என் பள்ளியிலேயே படிக்கிறாள். சின்னவனுக்கு மூன்று வயது. மாமியார் எங்களோடு இருக்கிறார்.

சொந்த வீடு வாங்கலாம் என்று பதினைந்து லட்சம் சேர்த்து வைத்திருக்கிறோம். மூன்று இடம் பார்த்தோம். அயோத்தியாப்பட்டணம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே புது தனி வீடு, 42 லட்சம். கன்னங்குறிச்சியில் இருபது வருஷத்துப் பழைய வீடு, 52 லட்சம். அழகாபுரத்தில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட், 65 லட்சம்.

விலை குறைவு, புது வீடு, வாழப்பாடியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கும் பக்கம் என்று என் மனசு முதல் வீட்டில் நிற்கிறது. வீட்டுக்காரருக்குக் கன்னங்குறிச்சி மாடியில் நின்று சேர்வராயன் மலையைப் பார்த்ததிலிருந்து வேறு எதுவும் பிடிக்கவில்லை. "தூரம்தானே, நான் வண்டியில் போய்க்கிறேன்" என்று எனக்காக ஒத்துக்கொள்கிறார். பத்து லட்சம் அதிகம் கொடுத்துப் பழைய வீட்டை வாங்குவது புத்திசாலித்தனமா? நீங்கள் சேலத்தில் பல இடங்களில் குடியிருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ச., அம்மாப்பேட்டை

*

அன்புள்ள ச.வுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். "தூரம்தானே, நான் வண்டியில் போய்க்கிறேன்." என் வீட்டுக்காரரும் 2004-ல் இதையேதான் சொன்னார்.

அப்போது குகையில் வாடகைக்கு இருந்தோம். அவருக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதும் வேலை. நாமக்கல் ரோட்டில் மல்லூர் பக்கம் மனை வாங்கி, இருந்த நகையை அடகு வைத்து வீடு கட்டினோம். பஸ் உள்ளேயே வரப்போகிறது, பக்கத்தில் பள்ளிக்கூடம் வருகிறது என்று மனை விற்றவர் சொன்னார். நாங்கள் அங்கே இருந்த ஐந்து வருஷத்தில் இரண்டும் வரவில்லை. ரோட்டுக்கு நடந்து போக அரை மணி நேரம் ஆகும். புளியமரத்தடியில் நின்றால் எட்டு மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஒன்பதரைக்கு.

வீட்டுக்காரருக்கு அந்தத் தூரம் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. காலையில் வண்டியை எடுத்தால் மண்டியில் நாலு மனுஷர்கள், டீ, பேச்சு. ராத்திரி திரும்பி வருவார். தூரம் முழுக்க வீட்டில் இருந்த எங்கள் தலையில்தான் விழுந்தது. குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தால் எந்த ஆட்டோவும் அவ்வளவு உள்ளே வராது. கறிவேப்பிலை தீர்ந்துபோனால் அடுத்த நாள் வரைக்கும் தீர்ந்ததுதான். எனக்கு ஒரு தையல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வேலை இருந்தது, பஸ் நேரம் ஒத்துவராமல் அதை விட்டேன்.

எல்லாவற்றையும் விட அத்தையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குகையில் இருந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் கோட்டை மாரியம்மன் கோவிலுக்கு நடந்தே போவார். யாரையும் துணைக்குக் கூப்பிட மாட்டார். மஞ்சள் துணிப்பை ஒன்று வைத்திருந்தார். அதில் சில்லறை, எலுமிச்சம்பழம், திரும்பி வரும்போது அம்மன் குங்குமம். மல்லூர் வந்த பிறகும் வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். கூட்டிப்போ என்று மகனிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார். மகன் கவனித்தால் வண்டியில் கூட்டிப்போவார், அவசரத்தில் கிளம்பிவிட்டால் இல்லை. மாதம் ஒருமுறை என்று ஆனது, அப்புறம் ஆடிப் பண்டிகைக்கு மட்டும். அதற்கப்புறம் அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது.

2009-ல் வீட்டை விற்றுவிட்டுத் திரும்பவும் குகைக்கே வாடகைக்கு வந்தோம். சாமான் ஏற்றும்போது பையை எடுத்து உதறினேன். காய்ந்து கருத்துப்போன எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு விழுந்தது. அத்தைக்கு அதற்குள் முழங்கால் போய்விட்டது. கோவில் பக்கத்தில் இருந்தும் பாதி வழிதான் நடக்க முடிந்தது.

அதனால்தான் வீடு பார்க்கும் யாரிடமும் "ஆபீஸ் எவ்வளவு தூரம்" என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதல் கேள்வி, அந்த வீட்டிலிருந்து வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் தன்னால் எங்கெல்லாம் போக முடியும் என்பது. உங்கள் வீட்டில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள்: மாமியார், பெரியவள், சின்னவன். நீங்கள் ஸ்கூட்டர் ஓட்டுவதாக எழுதவில்லை. அப்படியானால் நான்கு.

இப்போது பணத்துக்கு வருவோம். நீங்கள் எழுதிய விலைகளில் பத்திரச் செலவு இல்லை என்று நினைக்கிறேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 42 லட்சம் வீட்டுக்கு 3,78,000 ரூபாய். கன்னங்குறிச்சிக்கு 4,68,000. அழகாபுரத்துக்கு 5,85,000. இது உங்கள் பதினைந்து லட்சத்திலிருந்து முதலில் போய்விடும்.

முப்பது லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அழகாபுரத்துக்கு 52 லட்சம் கிடைக்கும். மீதி 13 லட்சமும் பத்திரச் செலவும் சேர்த்துக் கையிலிருந்து 18,85,000 போட வேண்டும். உங்களிடம் அவ்வளவு இல்லை. அதை மறந்துவிடுங்கள். எப்படியாவது புரட்டினாலும் தவணை சம்பளத்தில் பாதிக்கு மேல் போகும். குழந்தைகளை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

மிச்சம் இரண்டு வீடு. வட்டி எட்டரை சதவீதம், இருபது வருஷம் என்று வைத்துக்கொண்டால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் தவணை வரும். பத்திரச் செலவு போகக் கையில் மிஞ்சுவதைப் போட்டு மீதிக்குக் கடன் வாங்கினால், அயோத்தியாப்பட்டணம் வீட்டுக்குச் சுமார் 26,700. கன்னங்குறிச்சிக்குச் சுமார் 36,200. வித்தியாசம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. உங்கள் கண்ணில் படுவது இந்த ஒன்பதாயிரத்து ஐந்நூறுதான், நியாயம்தான்.

ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால் உங்களுக்கு ஒரு ஸ்கூட்டர் இல்லாமல் முடியாது. கடனில் வாங்கினால் மூன்று வருஷத்துக்கு மாதம் மூவாயிரத்துக்குக் குறையாது. அதற்குப் பெட்ரோல் ஆயிரத்து எழுநூறு. உங்கள் வீட்டுக்காரர் ஊருக்குக் கிழக்கிலிருந்து கிளம்பி, அம்மாப்பேட்டை, ஐந்து ரோடு, ஓமலூர் ரோடு என்று சேலத்தைக் குறுக்கே முழுக்கத் தாண்டிக் கருப்பூர் போக வேண்டும். போக வர ஐம்பது கிலோமீட்டருக்கு ஒட்டி வரும். கன்னங்குறிச்சியிலிருந்து அதில் பாதி. அவருடைய பெட்ரோலில் மட்டும் ஆயிரத்து முந்நூறு கூடும். நீங்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டிய நாளில் பெரியவளுக்கு வேனோ ஆட்டோவோ வேண்டும், அதற்கு ஒரு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். கூட்டிப்பாருங்கள், எட்டாயிரத்தை நெருங்குகிறது. பத்து லட்சம் வித்தியாசம் என்று நினைத்தது கடைசியில் மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வித்தியாசமாக நிற்கிறது. ஸ்கூட்டர் கடன் முடிந்த பிறகு அது கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் சின்னவனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருப்பான்.

கன்னங்குறிச்சியிலிருந்து டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி, சேர்ந்தே பள்ளிக்குப் போய், சேர்ந்தே திரும்பலாம். அஸ்தம்பட்டி உழவர் சந்தை வழியில்தான்.

நேரத்தையும் சொல்கிறேன். ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் 2020-ல் திறந்த பிறகு நெரிசல் குறைந்தது உண்மை. அப்படியும் ஊரைக் குறுக்கே தாண்டினால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். கன்னங்குறிச்சியிலிருந்து அரை மணி. மாதம் இருபத்தைந்து மணி நேரம் உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் கூடுதலாக இருப்பார். சின்னவன் தூங்குவதற்கு முன்னால் அப்பா வருகிறாரா, தூங்கின பிறகு வருகிறாரா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

வாழப்பாடியில் அம்மா வீடு என்கிறீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் வாரம் இரண்டு தடவை ஓட வேண்டிய நிலை என்றால் என் பதில் மாறும், எனக்கு எழுதுங்கள். மாதம் ஒருமுறை போய் வருவதுதான் என்றால், அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் நாலு பேர் தூரத்தைச் சுமக்க வேண்டாம்.

மலையைப் பார்த்து மயங்கிய உங்கள் வீட்டுக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் காற்று மாறுவதை உடம்பே சொல்லும். மூக்கனேரி பக்கத்தில் இருக்கிறது. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண்திட்டு போட்டு மரம் நட்ட ஏரி. குழந்தைகளைக் கூட்டிப்போய்ப் பறவை காட்ட அதை விட நல்ல இடம் நகரத்தை ஒட்டி எனக்குத் தெரியாது. ஆனால் ஏரியை ஒட்டிய வீடு என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். அந்த சர்வே எண்ணில் நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது ஏரிக்குச் சேர்ந்த அரசு நிலம், எதுவும் கலந்திருக்கிறதா என்று கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டிலும் நில அளவைப் படமான புல வரைபடத்திலும் தெரிந்துவிடும். பட்டா, மூலப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி இவற்றை ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அயோத்தியாப்பட்டணம் வீட்டையே எடுப்பது என்றாலும் மனைப்பிரிவுக்கு டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கன்னங்குறிச்சி வீட்டையும் இப்போதே வாங்காதீர்கள். 80 சதவீதக் கடன் போக உங்கள் கையிலிருந்து 15,08,000 வேண்டும். இருப்பதை மொத்தமும் துடைத்துப் போட்டாலும் எட்டாயிரம் குறைகிறது. இருபது வருஷத்துப் பழைய வீட்டுக்குக் குடிபோன மறுமாதமே ஒயரிங் மாற்ற வேண்டி வரும், மொட்டை மாடி ஒழுகும். கையில் ஒரு ரூபாய் இல்லாமல் அதற்குள் போகக் கூடாது.

அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு வருஷம் வாடகைக்குப் போங்கள். இப்போதைய வாடகையை விட இரண்டாயிரம், மூவாயிரம் கூடினாலும் பரவாயில்லை. தவணை கட்டியிருந்தால் 36,200 போயிருக்கும் அல்லவா? வாடகை போக மீதியை மாதா மாதம் தனிக் கணக்கில் போடுங்கள். இரண்டரை லட்சத்துக்கு மேல் சேரும், அந்தத் தவணையை உங்களால் தாங்க முடிகிறதா என்றும் தெரிந்துவிடும். அந்த வீடு அதற்குள் போய்விட்டால் போகட்டும், அந்தத் தெருக்களில் பழைய வீடு இன்னொன்று வரும். நாங்கள் மல்லூரில் ஒரே ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்திருந்தால் அங்கே கட்டியிருக்கவே மாட்டோம்.

வாடகைக்குப் பார்க்கப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு ஏற்காடு போகும் வண்டிகள் அந்தப் பக்கத்து ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கும், ஊர் எப்படி என்று பிடிபடாது. புதன், வியாழன் மாதிரி ஒரு நாள் சாயங்காலம், வீட்டுக்காரர் வண்டியில் இல்லாமல் டவுன் பஸ்ஸில் போங்கள். மாமியாரையும் சின்னவனையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்டாப்பில் இறங்கி வீடு வரைக்கும் மாமியார் நடக்கிற வேகத்தில் நடங்கள். அவர் எத்தனை இடத்தில் நிற்கிறார், உட்கார ஒரு திண்ணை இருக்கிறதா, பூக்கடையும் கோவிலும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சித்திரையில் போர்வெல் நிற்கிறதா என்பதை வீட்டு ஓனரிடம் கேட்க வேண்டாம். எதிர் வீட்டு வாசலில் குடம் கழுவிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா